ஏமாறதுன்னா டிக்கெட் எடுத்துட்டு ஏமாறு

ஏலே பேராண்டி, செல்போன் தொலைஞ்சு போச்சுன்னு மை போட்டுப் பாக்கக் கெளம்பி நிக்கியாமே? உங்க அம்மைதான் வந்து சொன்னா. போயிட்டு வா ராசா. நான் ஒண்ணும் குறுக்க விழல. ஏமாறதுக்குன்னு ஒரு வயசு இருக்கு. அது தாண்டிட்டா ஏமாத்துறவனே நம்மள மதிக்க மாட்டான். என்னைப் பாரு, தாயத்து விக்கிறவன்கூட நம்ம வாசலுக்கு வந்தா நடையை எட்டிப் போடுதான். உனக்கு இப்பத்தான் அந்த யோகம் அடிச்சிருக்கு. ஆனா ஏமாறதுன்னு முடிவு பண்ணிட்டா அதையும் ஒழுங்காச் செய்யணும். கீத்துக் கொட்டகையில காலமெல்லாம் ரீல் ஓட்டுனவன் நான். ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு விளக்கையும் வச்சிக்கிட்டு ஊர்ச்சனத்தை அழவும் சிரிக்கவும் வச்சவன். பகல்ல கொட்டகை சும்மா கெடக்கும்போது நூலகத்துல இருந்த புஸ்தகத்தையெல்லாம் மேஞ்சவன். இந்தத் தொழில்ல நான் ரெண்டு வார்த்தை சொன்னா உனக்கு நட்டம் வராது.

மொதல்ல அந்த மை சங்கதி. வெத்தலையில கன்னங்கரேல்னு மினுங்குற மையைத் தடவி, விளக்குப் பக்கத்துல வச்சு, சின்னப் பிள்ளை ஒண்ணைக் கூப்பிட்டு ‘உத்துப் பாரு’ம்பான். பெரியாளு கண்ணுக்குத் தெரியாதாம், பிள்ளை கண்ணுக்குத்தான் தெரியுமாம். ஏன் தெரியுமா? பெரியாளு ‘ஒரு மண்ணும் தெரியல’ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புடுவான். பிள்ளை, மாமா கோவிச்சுக்குவாரோன்னு எதையாவது சொல்லி வைக்கும். ‘ஆம்பளையா பொம்பளையா?’ ‘ஆம்பளை.’ ‘மீசை இருக்கா?’ ‘இருக்கு.’ ‘வேலியோரமா நிக்கானா?’ ‘ஆமா, நிக்கான்.’ சோலி முடிஞ்சுது. மீசை வச்ச ஆம்பளை வேலியோரமா நிக்காத ஊரு எது?

இது நம்மூர்ச் சரக்கு மட்டும்னு நெனச்சிராத. எட்வர்ட் லேன்னு ஒரு இங்கிலீஷ்காரர், எகிப்து தேசத்துல கெய்ரோ பட்டணத்துல குடியிருந்தவர், அந்த ஊர்ச்சனத்தோட பழக்கவழக்கத்தையெல்லாம் எழுதி 1836ல ஒரு புஸ்தகம் போட்டார். அங்க ஒரு மந்திரவாதி சாம்பிராணிப் புகையைப் போட்டு, பையன் உள்ளங்கையில ஒரு சொட்டு மையை ஊத்தி, யாரைக் கேட்டாலும் அதுக்குள்ள வரவழைச்சிருக்கான். ‘நெல்சனைக் கூப்பிடு’ன்னார் லேன். நெல்சன் கப்பப்படைத் தளபதி, சண்டையில வலது கையைப் பறிகுடுத்தவர். பையன் உத்துப் பாத்துட்டு, ‘கறுப்பு உடுப்பு போட்ட ஐரோப்பாக்காரர், இடது கை இல்லை’ன்னான். கொஞ்சம் பொறுத்து, ‘இல்ல, கையை நெஞ்சுமேல வச்சிருக்காரு’ன்னு மாத்திக்கிட்டான். லேன் அசந்துட்டார். கண்ணாடியில எடம் வலம் மாறித்தானே தெரியும், அதான் வலது கை எடது கையாத் தெரியுதுன்னு அவரே அவனுக்கு வக்காலத்து வாங்குனார். பின்னாடி யோசிச்சுப் பாத்தா, நடுவுல நின்னு மொழிபெயர்த்த ஆளு ஒரு ஸ்காட்லாந்துக்காரன். நெல்சனுக்குக் கை இல்லைங்கிறது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? லேனுக்கே பிற்பாடு அந்த ஆள் மேல சந்தேகம் வந்துட்டு.

அதனால நீ போகும்போது துணைக்கு யாரு வாரான்னு மட்டும் பாத்துக்க. உன் கூட்டாளியைக் கூட்டிட்டுப் போனேன்னு வையி, போன் என்ன கலரு, எந்தக் கடையில வாங்குனது, எவன் மேல உனக்குச் சந்தேகம்னு எல்லாத்தையும் டீக்கடையிலேயே அவன் ஒப்பிச்சிருவான். அப்புறம் மைக்காரனுக்கு என்ன வேலை? போன் வந்த டப்பா மேல 15 இலக்கத்துல ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும். அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து, போனை முடக்கச் சொல்லவும் வழி இருக்கு. ஆனா அதுல வெத்தலை கெடையாது, சாம்பிராணி கெடையாது, உனக்கு ரசிக்காது.

நம்ம சூத்திரம் ஒண்ணே ஒண்ணுதான். எவனாவது அதிசயம் காட்டுறேன்னு வந்தா, ‘டிக்கெட் எவ்வளவு?’ன்னு கேளு. வெலையைச் சொன்னான்னா தாராளமா உக்காந்து, வாயைப் பொளந்துக்கிட்டு பாரு. ‘சேச்சே, காசெல்லாம் எதுக்கு? இது சேவை’ன்னான்னா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓடு. வெலை சொல்லாத சாமானுக்குத்தான் வெலை ஜாஸ்தி.

மோடி மஸ்தானை நீ பாத்திருக்க மாட்ட. சந்தை நாள்ல வந்து கடை விரிப்பான். கூடையில பாம்பு, முளைக்குச்சியில கட்டுன கீரி. ‘இன்னும் செத்த நேரத்துல ரெண்டுக்கும் சண்டை’ம்பான். ஊரே வட்டங்கட்டி நிக்கும். அதுக்குள்ள ஒரு பையனைப் படுக்கப் போட்டு, துணியால மூடி, ‘இங்க நிக்கிறவரு சட்டை என்ன கலரு? சொல்லு!’ம்பான். பையன் போர்வைக்குள்ள இருந்தே சரியாச் சொல்லுவான். சூட்சுமம் கேள்விக்குள்ளயே இருக்கு. ‘சொல்லு’ன்னா ஒரு கலரு, ‘நல்லாச் சொல்லு’ன்னா இன்னொரு கலரு, ‘சட்டுனு சொல்லு’ன்னா வேறொண்ணு, வீட்டுலயே உருப்போட்டுட்டு வருவாங்க. நடுவுல எவனாவது நழுவப் பாத்தா, ‘பாதியில போறவன் ரத்தம் கக்குவான்’னு ஒரு போடு. அதுக்குமேல கால் நகருமா? பாக்க வந்தவனுக்கு டிக்கெட் கெடையாது; தாயத்து மட்டும் வாங்கிக்கணும். தாயத்து வித்துத் தீர்ந்ததும் கீரியை அவுத்து எடுத்துட்டுப் போயிட்டே இருப்பான். அந்தச் சண்டையைப் பாத்தவன் நம்ம ஜில்லாவுல ஒருத்தன் கெடையாது. பாத்தேன்னு சொல்லுறவன் தெருவுக்கு நாலு பேரு.

இப்ப, டிக்கெட் போட்டவனோட யோக்கியதையைக் கேளு. 1921ல லண்டன்ல செல்பிட்னு ஒருத்தர் ஒரு பொம்பளையைப் பெட்டிக்குள்ள வச்சு ரம்பத்தால அறுத்துக் காட்டுனார். அன்னையிலருந்து உலகம் பூரா அதே அறுப்புதான். நம்ம வங்காளத்து பி.சி. சர்க்கார் 1956ல பிபிசி டெலிவிஷன்ல அதைச் செஞ்சார். பெட்டி கெடையாது, பலகையில பிள்ளையைப் படுக்க வச்சு, வட்ட ரம்பத்தை ஓட்டி, அறுத்து முடிச்சாச்சு. அவ கையைத் தொட்டு எழுப்புதார், அவ எந்திரிக்கல. ஒரு துணியை எடுத்து மொகத்தை மூடிட்டார். அந்த நேரம் பாத்து நிகழ்ச்சி நடத்துறவர் குறுக்க வந்து, நேரம் முடிஞ்சுது, வணக்கம்னுட்டார். சனம் பதறிப் போச்சு. டெலிவிஷனுக்குள்ள ஒரு பிள்ளையைக் கொன்னுட்டான்னு பிபிசிக்கு டெலிபோன் மேல டெலிபோன். அந்தப் பிள்ளை நல்லாத்தான் இருந்துச்சு. மறுநா பேப்பர்லயெல்லாம் சர்க்கார் பேரு. அதே ஊர்ல அவர் போட்டிருந்த மேடை நிகழ்ச்சிக்கு டிக்கெட் பறந்துச்சு. நேரம் போனது தெரியாம நடந்துட்டுன்னு சொன்னவனும் உண்டு. கைக்குள்ள காசை ஒளிச்சு வைக்கத் தெரிஞ்சவனுக்குக் கடியாரம் பாக்கத் தெரியாதாக்கும்!

என் தொழிலுக்கு மூத்த குரு ஒருத்தர் இருக்கார். அவரைப் பத்திச் சொல்லாம விட மாட்டேன். பாரிசுல பூட்ஸ் பண்ணுற முதலாளி வீட்டுல 1861ல பொறந்தவர் ஜார்ஜ் மெலியே. அப்பன் கம்பெனியில தனக்கு வந்த பங்கைக் கூடப்பொறந்தவங்களுக்கு வித்துட்டு, 1888ல ராபர்ட் ஹூடின் பேர்ல இருந்த மாயாஜாலக் கொட்டகையை வாங்கிட்டார். நம்ம வீட்டுல எவனாவது இப்படிச் செஞ்சிருந்தா பேய் பிடிச்சுட்டுன்னு வேப்பிலை அடிச்சிருப்போம். 1895 டிசம்பர் 28ந் தேதி ஒரு ஓட்டல் நெலவறையில லூமியேர் குடும்பத்துக்காரங்க அசையுற படத்தைக் காட்டுனாங்க. தலைக்கு 1 பிராங்க் டிக்கெட். காசு குடுத்து வந்தவங்க 33 பேருதான். அன்னைக்கு விருந்தாளியா வந்து உக்காந்திருந்தார் மெலியே. படம் முடிஞ்சதும் அந்த மிஷினுக்கு 10,000 பிராங்க் தாறேன்னார். தர மாட்டேன்னுட்டாங்க. மனுசன் சோர்ந்து போகல. லண்டன்ல ராபர்ட் பால் பண்ணுன மிஷினை வாங்கி, அதைக் குடைஞ்சு குடைஞ்சு தனக்கொரு கேமரா பண்ணிட்டார்.

அவரே சொன்ன கதை ஒண்ணு இருக்கு. நடுத்தெருவுல நின்னு படம் எடுத்துக்கிட்டு இருந்தப்ப கேமரா சிக்கிக்கிச்சாம். அதைச் சரி பண்ணித் திரும்ப ஓட்டுனாராம். வீட்டுல போட்டுப் பாத்தா, குதிரை இழுத்துட்டுப் போன பஸ்ஸு திடீர்னு பிண வண்டியா மாறிட்டாம், ஆம்பளையெல்லாம் பொம்பளையா மாறிட்டாங்களாம். அங்கதான் சூட்சுமம் பிடிபட்டுச்சுன்னு சொல்லுவார். கேக்க நல்லா இருக்கு. ஆனா 1895லயே அமெரிக்காவுல எடிசன் கம்பெனிக்காரன் ஒரு ராணி தலையை வெட்டுற படம் எடுத்துட்டான். கோடரியை ஓங்குற நேரத்துல கேமராவை நிறுத்தி, ராணியை எடுத்துட்டுப் பொம்மையை வச்சு வெட்டுன படம். ஆகையினால பேராண்டி, வித்தைக்காரன் தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பிச்சா, அப்பவும் ஒரு கண்ணை அவன் கை மேல வையி.

1896ல அவர் எடுத்த ஒரு படம் ரொம்பச் சின்னது. நாற்காலியில ஒரு பொம்பளை, மேல துணியைப் போடுதார், எடுக்கார், ஆளைக் காணோம். இதை மேடையில மொத மொத செஞ்சவர் புவாத்தியே தெ கோல்தா. மேடையில பொம்பளை போகணும்னா தரையில கதவு வேணும். கதவு இல்லைன்னு காட்டுறதுக்குத் தரையில ஒரு செய்தித்தாளை விரிச்சு, அதுமேல நாற்காலியைப் போடுவார் கோல்தா. சூட்சுமமே அந்தத் தாள்லதான். கேமராவுக்குக் கதவும் வேண்டாம், தாளும் வேண்டாம். நிறுத்தி, ஆளை எறக்கிவிட்டு, திரும்ப ஓட்டுனாப் போதும். அப்படியிருந்தும் மெலியே ஒரு செய்தித்தாளை எடுத்து விரிச்சு, அதுமேலதான் நாற்காலியைப் போடுதார்! இல்லாத கதவை இல்லைன்னு நிரூபிக்கார். இந்தக் குசும்புக்கே அவருக்குக் காலம் பூரா டிக்கெட் எடுக்கலாம். போதாததுக்கு, பொம்பளை இருந்த எடத்துல ஒரு எலும்புக்கூட்டையும் உக்கார வச்சு மெரட்டிட்டுத்தான் அவளைத் திரும்பக் கொண்டு வாரார்.

கேமராவை நிறுத்துறது மட்டும்னு நெனைக்காத. நிறுத்துன எடத்துல பிலிமைக் கத்திரிச்சு, கச்சிதமா ஒட்டவும் செஞ்சிருக்கார். இந்த எடத்துலதான் எனக்கும் அவருக்கும் ஒரு உறவு. எங்க கொட்டகையில ரீல் அறுந்தா, முனையைச் சுரண்டி, பிலிம் சிமெண்டைத் தடவி, நான்தான் ஒட்டணும். நடுவுல கொஞ்சம் பிலிம் போயிரும். திண்ணையில நின்னுக்கிட்டு இருந்த கதாநாயகன் கண்ணிமைக்கிறதுக்குள்ள குதிரை மேல இருப்பான். தரை டிக்கெட்டுல இருந்து ‘ஏல ஆபரேட்டரு!’ன்னு தொடங்கி என் ஏழு தலைமுறையையும் இழுப்பாங்க. மெலியே வேணும்னே செஞ்சதை நான் வேற வழியில்லாமச் செஞ்சேன். அவருக்குப் பேரு, எனக்கு ஏச்சு.

1897ல மோன்த்ரோய்ங்கிற ஊர்ல கண்ணாடிச் சுவரு, கண்ணாடிக் கூரை வச்சு ஸ்டூடியோ கட்டுனார். சூரிய வெளிச்சம்தான் அவருக்கு லைட்டு. 1898ல தன் தலையைத் தானே கழட்டி மேசை மேல வச்சார். தலை திரும்ப மொளைக்க, அதையும் கழட்டி வச்சார். பின்னாடி கறுப்புத் துணி, அதே பிலிமைத் திருப்பிச் சுத்தித் திரும்ப எடுக்கறது, அவ்வளவுதான் வித்தை. கணக்கு ஒரு நூல் தப்புனா தலையும் கழுத்தும் சேராது. 1901ல துருத்தியை வச்சு ஊதி ஊதித் தன் தலையைப் பூசணிக்காயாப் பெருக்க வச்சார். தலை பெருக்கல, சரிவுப் பலகையில சக்கரம் வச்ச நாற்காலியில அவரை உக்கார வச்சு, கேமராவைப் பாத்து இழுத்துட்டு வந்தாங்க. கிட்ட வந்தவன் பெரிசாத் தெரியான். அரசியல்லயும் இதே கணக்குதான், விடு.

1902ல சந்திரனுக்குப் போறதா ஒரு படம் எடுத்தார். நிலாவோட கண்ணுல குண்டு பாஞ்சு நிக்குமே, அந்தப் படம்தான். அமெரிக்காவுல எடிசன் கம்பெனி உட்பட பல பேரு அதைத் திருட்டுத்தனமா நகல் போட்டு ஓட்டிக் காசு பாத்தாங்க. ஊரையே ஏமாத்துற மனுசன் சட்டைப்பையிலயே கையை விட்டுட்டாங்க. அவர் எடுத்தது 500 படத்துக்கு மேல. பிறகு சனத்துக்கு ருசி மாறிப் போச்சு, கடன் ஏறிப் போச்சு. மொத உலக யுத்தத்துல ராணுவத்துக்காரங்க அவரோட படச்சுருளையெல்லாம் அள்ளிட்டுப் போய், உருக்கி, வெள்ளியை எடுத்துக்கிட்டு, மிச்சத்தைப் பூட்ஸ் குதிகாலாப் பண்ணிட்டாங்க. பூட்ஸ் கம்பெனியை விட்டு ஓடி வந்தவர் படம் கடைசியில பூட்ஸுக்கே போச்சு. 1923ல கையில இருந்த நெகட்டிவை அவரே நெருப்பு வச்சுக் கொளுத்திட்டார். அப்புறம் மோன்பர்னாஸ் ரயில்வே ஸ்டேஷன்ல பொம்மையும் மிட்டாயும் வித்தார். அன்னைக்குக் காணாமப் போன அந்தப் பொம்பளை, ழான் தால்சி, அவரைக் கட்டிக்கிட்டுக் கூடவே கடையில உக்காந்திருந்துச்சு. 1931ல அரசாங்கம் பட்டம் குடுத்துச்சு. 1938ல மனுசன் போய்ச் சேந்தார். ஏமாத்துறவன் எல்லாம் கோடீஸ்வரன் ஆயிருவான்னு நீ நெனச்சா, அது டிக்கெட் போடாதவங்களுக்குத்தான்.

நம்ம பக்கத்துல தாதாசாகேப் பால்கே. ‘பேராசிரியர் கெல்ஃபா’ன்னு பேரு வச்சிக்கிட்டு மேடையில வித்தை காட்டுனவர், பால்கேயைத் திருப்பிப் போட்டா கெல்ஃபா. 1913ல அரிச்சந்திரன் கதையைப் படமா எடுத்தார். பொய்யே சொல்லாதவன் கதையை எடுக்கறதுக்கு ஒரு மாயாஜாலக்காரன்தான் வர வேண்டியிருந்துச்சு பாத்தியா! பொம்பளைங்க யாரும் நடிக்க வரல, அதனால சாளுங்கேன்னு ஒரு ஆம்பளைதான் சந்திரமதி. 1917ல லங்காதகனத்துல அதே சாளுங்கே ராமர், அதே சாளுங்கே சீதை. சீதையைப் பிரிஞ்சு ராமர் அழுததும், ராமரை நெனச்சுச் சீதை அழுததும் ஒரே மூஞ்சி. சனம் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டுச்சுன்னும், மெட்ராஸ்ல வசூலான சில்லறையை மூட்டை கட்டி மாட்டு வண்டியில ஏத்திப் போலீசு காவலோட கொண்டு போனாங்கன்னும் சொல்லுவாங்க. அனுமார் பறந்தது பொய். மூட்டையில இருந்த காசு நெசம்.

இனி டிக்கெட் இல்லாத கேசுக்கு வருவோம். ராபர்ட் ஹூடின்னு சொன்னேன்ல, அவர் கடியாரம் பண்ணுறவர். மெலியேக்கு முந்தின தலைமுறை. நம்ம மெட்ராஸ்ல 1830 வாக்குல ஒரு வயசாளி ஆகாசத்துல உக்காந்து காட்டியிருக்கார். 1832ல லண்டன் பத்திரிகையில அவரோட படமே வந்துச்சு. ஒரு கை மட்டும் ஒரு தண்டு மேல இருக்கும், மத்த ஒடம்பு அந்தரத்துல நிக்கும். போர்வைக்குப் பின்னாடி போய்த்தான் ஏறி உக்காருவார், எறங்கும்போதும் போர்வையைப் பிடிக்கணும். சட்டைக்குள்ள இரும்புச் சட்டம்னு அப்பவே ஊகிச்சுட்டாங்க. 1847ல ஹூடின் தன் மவனை வச்சு அதே வகை வித்தையைச் செஞ்சார். ஈதர்னு புதுசா மயக்க மருந்து வந்திருந்த நேரம். ‘பையனுக்கு ஈதர் குடுத்திருக்கேன், அதான் மெதக்குதான்’னு சொல்லிட்டு, மேடைக்குப் பின்னாடி சூடான இரும்புல ஈதரை ஊத்தி வாடையைக் கெளப்பிவிட்டார். பெத்த பிள்ளைக்கு மருந்து குடுக்கியே பாவின்னு சனம் திட்டிக் கடுதாசி போட்டுச்சு. அது வரைக்கும் சரி. டிக்கெட் வாங்கிட்டுத் திட்டுனாங்க.

ஆனா 1856ல பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பிச்சு. அது அவங்க பிடிச்சு வச்சிருந்த நாடு. அங்க மராபூத்துன்னு சொல்லுற சாமியாருங்க பேச்சுக்குச் சனம் கட்டுப்பட்டு, வெள்ளைக்காரனை எதிர்த்துச்சு. சாமியாரைவிடப் பெரிய மந்திரம் எங்ககிட்ட இருக்குன்னு காட்டணும். ஹூடின் ஒரு சின்னப் பெட்டியை மேடையில வச்சார். வாட்டசாட்டமான ஒருத்தன் வந்தான், சுளுவாத் தூக்குனான். ‘இப்ப உன் பலத்தை எடுத்துட்டேன், தூக்கு’ன்னார். அசையல. மறுக்காப் பிடிச்சு இழுத்தவனுக்கு உடம்பெல்லாம் வெட்டி இழுத்துச்சு, அலறிட்டு ஓடிட்டான். பெட்டிக்கு அடியில இரும்பு, மேடைக்குக் கீழ மின்காந்தம், கைப்பிடியில கரண்டு. வந்திருந்த தலைவருங்க எல்லாம் அழைப்பு வாங்கி வந்த விருந்தாளிங்க, டிக்கெட் கெடையாது. ஊரை ஏமாத்துன சாமியாரை ஒழிக்க வந்தவன், அந்த ஊரையே பிடிச்சு வச்சிருந்தவனோட ஆளு. இது எந்தக் கணக்குல சேரும்னு நீயே பாத்துக்க.

கயிறு வித்தை கேள்விப்பட்டிருப்ப. கயித்தை மேல வீசுனா செங்குத்தா நிக்கும், பையன் ஏறி மறைஞ்சிருவான். இந்தியாவுல தெருவுக்குத் தெரு நடக்குதுன்னு வெள்ளைக்காரன் நம்புனான். 1890ல சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையில ஒரு கதை வந்துச்சு: ரெண்டு அமெரிக்கப் படிப்பாளிங்க இந்தியாவுல இதைப் பாத்தாங்களாம், ஒருத்தன் படம் வரைஞ்சானாம், இன்னொருத்தன் போட்டோ எடுத்தானாம். படத்துல கயிறு இருக்கு, பையன் இருக்கான். போட்டோவுல ஒண்ணுமே இல்ல. அப்ப இது மனோவசியம்தான்னு முடிவு. எழுதுனவன் பேரு பிரெட் எஸ். எல்மோர். வேகமாப் படிச்சா ‘செல் மோர்’, நெறைய வித்துத் தள்ளுன்னு அர்த்தம். நாலு மாசம் கழிச்சு, அது கட்டுக்கதைதான்னு பத்திரிகையே ஒப்புக்கிட்டுச்சு. அந்த ஒப்புதலைப் படிக்க ஆளில்ல. அந்தப் புனைபேர்ல எழுதுன ஜான் வில்கி 1898ல அமெரிக்க அரசாங்கத்தோட ரகசியப் போலீசுக்குத் தலைவரா ஆயிட்டார். கள்ளநோட்டு அடிக்கிறவனைப் பிடிக்கிற வேலை. சரியான ஆளைத்தான் போட்டிருக்காங்க.

1934ல லண்டன் மந்திரவாதிகள் சங்கத்துல, அந்த வித்தையை வெட்டவெளியில செஞ்சு காட்டுறவனுக்கு 500 கினி பரிசுன்னாங்க. கயித்தோட போய் வாங்கிட்டு வந்தவன் எவனும் இல்ல. 1996ல ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க, அதை நேர்ல பாத்தேன்னவன் வாக்குமூலத்தையெல்லாம் சேத்து வச்சுப் பாத்தாங்க. பாத்ததுக்கும் சொன்னதுக்கும் நடுவுல வருசம் ஏற ஏற, வித்தையும் பிரமாதமாகிக்கிட்டே போகுது. மூங்கில் கம்புல ஏறுன பையன் கயித்துல ஏறுதான், அப்புறம் மறையுதான். வித்தைக்காரன் வீட்டுல தூங்குதான் பேராண்டி. பாத்தவன் வாய்தான் ராப்பகலா வேலை செய்யுது.

படிச்சவன் ஏமாற மாட்டான்னு உனக்கு ஒரு நெனப்பு. ஷெர்லக் ஹோம்ஸைப் படைச்ச கோனன் டாயில், சுருட்டுச் சாம்பலை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற துப்பறியும் கதை எழுதுனவர். 1917ல காட்டிங்லின்னு ஒரு ஊர்ல 16 வயசுப் பிள்ளையும் 9 வயசுப் பிள்ளையும் ஓடைப்பக்கம் தேவதை டான்ஸ் ஆடுதுன்னு போட்டோ எடுத்தாங்க. டாயில் 1920ல அதைப் பத்திரிகையில போட்டு, உலகத்துக்கே சாட்சி சொன்னார். புஸ்தகத்துல இருந்த படத்தைப் பாத்து வரைஞ்சு, கத்திரிச்சு, தொப்பி ஊசியால குத்தி நிறுத்துன காகிதம் அது. ரெண்டு பேரும் கெழவியானதுக்கு அப்புறம் 1983லதான் உண்மையைச் சொன்னாங்க. அவ்வளவு பெரிய மனுசர் சாட்சி சொன்னப்புறம் வாயைத் திறக்க வெக்கமா இருந்திருக்கும்.

டாயிலுக்குக் கூட்டாளி ஹூடினி. நம்ம ஹூடின் பேர்ல ஒரு ‘இ’யைச் சேத்து வச்சிக்கிட்டவர், பூட்டு வெலங்கையெல்லாம் கழட்டுறவர். ஆத்தா செத்துப் போன ஏக்கம் அவருக்கு. 1922ல டாயில் பொஞ்சாதி, உங்க ஆத்தா ஆவி என் கை வழியா எழுதும்னு உக்காந்து பக்கம் பக்கமா எழுதிக் குடுத்துச்சு. உச்சியில ஒரு சிலுவை. எல்லாம் இங்கிலீஷ். ஹூடினி அப்பன் யூதப் புரோகிதர். ஆத்தாவுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது. செத்தப்புறம் டியூஷன் படிச்சிருப்பாங்களோ என்னமோ! அந்த வீட்டம்மா காசு கேக்கல பாரு, அன்பாத்தான் செஞ்சுது. அதனாலதான் ஹூடினிக்கு வாய் விட்டுத் திட்டவும் முடியல. பின்னாடி நட்பே முறிஞ்சு போச்சு.

உனக்கு மைக்காரன் எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் காட்டுவான், பயந்து மயங்கி விழுந்துராத. கத்தியில செம்பருத்திப் பூவைத் தேச்சுக் காய வச்சா, புளிப்புப் பட்டதும் செவப்பாகும். மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பைக் கலந்தா செவக்கும். உங்க அம்மை ஆரத்தி கரைக்கும்போது நீயே பாத்திருக்க, அப்ப நீ மயங்கல. தண்ணி தெளிச்ச தேங்காயில நெருப்புப் பிடிச்சா, நாருக்குள்ள சோடியம். நாக்குல எரியுற கற்பூரத்தை வச்சா, நாக்கு ஈரமா இருக்குன்னு அர்த்தம். இதையெல்லாம் மேடையில, டிக்கெட் போட்டு, ‘வித்தை’ன்னு சொல்லிச் செஞ்சா நானே மொத வரிசையில உக்காந்து கை தட்டுவேன்.

கொழும்புல ஆபிரகாம் கோவூர்னு ஒரு வாத்தியார் இருந்தார். கேரளாவுல பொறந்து, இலங்கையில தாவரவியல் நடத்துனவர். யாழ்ப்பாணத்துலயும் பாடம் சொல்லியிருக்கார். 1963ல அவர் ஒரு சவால் விட்டார். ஏமாத்து வேலை நடக்காத எடத்துல தெய்வசக்தியைக் காட்டுறவனுக்கு 1 லட்சம் ரூவா. என்னென்ன செய்யலாம்னு பட்டியலும் அவரே போட்டார்: ஒட்டுன கவருக்குள்ள இருக்கிற ரூவா நோட்டு நம்பரைச் சொல்லு, தண்ணி மேல நட, அந்தரத்துல நில்லுன்னு. போட்டிக்கு வாரவன் முன்பணம் கட்டணும், ஜெயிச்சாத் திருப்பி வாங்கிக்கலாம். சாமியாருக்கே டிக்கெட் போட்ட மனுசன் நானறிய அவர் ஒருத்தர்தான். 1978ல அவர் சாகுற வரைக்கும் அந்த லட்ச ரூவாயை எவனும் வாங்கல.